அடுத்த விரல்

தையல்காரி குடையை மடக்கி உதறிவிட்டு நூலகத்துக்குள் நுழைந்தபோது மத்தியானம்தான் ஆகியிருந்தது. மழை கட்டிக்கொண்டு நின்றதில் உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி ஒரே இருட்டு. நகராட்சிக்காரர்கள் மின்சாரத்தைப் பிடுங்கிப் பல வாரம் ஆகிவிட்டது. ஈரச் சுவர் வாசனை, பழைய காகித வாசனை, எங்கோ ஓடு ஒழுகித் தரையில் சொட்டுகிற சத்தம். இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

மழைக்குப் பயந்து கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு முறையை முன்னாடியே ஏற்றுக்கொள்ளலாமே என்றுதான் சீக்கிரம் கிளம்பி வந்தாள்.

அந்த முறை என்னவென்று சொல்லிவிட வேண்டும். நூலக வாசலுக்கு மேலே ஒரு மரப்பலகை தொங்குகிறது. கட்டடத்தைத் தானமாகக் கொடுத்த புண்ணியவான் எந்தக் காலத்திலோ எழுதி மாட்டியது: ‘உள்ளே ஒரு வாசகர் அமர்ந்திருக்கும்வரை இந்தக் கதவைச் சாத்தக் கூடாது.’ அதை மீறினால் இடம் அவருடைய வாரிசுகளுக்கே திரும்பிப் போய்விடும் என்று தானப் பத்திரத்திலும் இருக்கிறது. நூலகத்தை மூடி, இடித்துத் தள்ளிவிட்டுக் கடைவளாகம் கட்டப்போகிறோம் என்று நகராட்சி அறிவித்ததும், ஊர்க்காரர்கள் அந்தப் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வாசகர் இருந்தால் சாத்தக் கூடாதா? சரி, ராத்திரி பகலாக ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்கிறோம். பூட்டத்தான் பூட்டுங்களேன், பார்ப்போம்!

யோசனை நர்ஸம்மாவுடையது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யாரையும் அதட்டத் தயங்காத மனுஷி. "நாற்காலிய காலியா விட்டுட்டு எந்திரிக்கறது, நாடி பாக்கற கைய பாதியில எடுக்கறது மாதிரி. அடுத்தவ விரல் வர்ற வரைக்கும் உன் விரல் அங்கயே இருக்கணும்" என்பார். அதனால் ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரே நாற்காலி, ஒரே புத்தகம். அட்டை கிழிந்து பெயர் தெரியாமல் போன தடித்த கப்பல் கதை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் படிக்க வேண்டும். முறை முடிந்தவர் தான் படித்த வரியில் விரலை வைத்திருப்பார். வருகிறவர் அதே வரியில் தன் விரலை வைத்த பிறகுதான் முதல் விரல் எழும்.

இதனால் ஊரில் யாருக்கும் கதை முழுசாகத் தெரியாது. மருந்துக்கடை அக்கா தையல்காரியை வழிமறித்து, "அந்த மாலுமி கரைக்கு வந்தானா இல்லையாடி?" என்று கேட்பாள். "நேத்து என் முறையில வெறும் புயல்தான்க்கா" என்பாள் இவள். முடிவைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறவர்களுக்கு ஊசி போட்டுவிடுவேன் என்று நர்ஸம்மா மிரட்டி வைத்திருந்தார்.

பாவம், முடிவு தெரியாமலே அவர் போய்விட்டார். இதே மாதிரி ஒரு மழை நாளில், இதே நாற்காலியில், விரல் வரியில் இருக்கும்போதே. அடுத்த முறை தையல்காரியின் அண்ணனுடையது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், போராட்டத்துக்கு நோட்டீஸ் எல்லாம் இலவசமாக அடித்துக் கொடுத்தவன். "நான் வந்து விரல வச்சேன். அம்மா என்னைப் பாத்து சிரிச்சாங்க. அப்படியே கண்ண மூடிட்டாங்க" என்று அவன் சொன்னபோது அழாதவர்கள் இல்லை. அன்றிலிருந்து போராட்டத்துக்கு அவன்தான் தலைவன்.

தையல்காரிக்கு அதில் எவ்வளவு பெருமை! அப்பா அம்மா போன பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். முதல் தையல் மெஷின் அவன் வாங்கிக் கொடுத்தது. அளவெடுத்து வெட்டுகிற வித்தையை அவள் கற்றது இந்த நூலகத்துப் புத்தகத்தில். அவள் மகள் பாடம் படிப்பதும் இங்கேதான். வீட்டில் மெஷின் சத்தத்தில் எதைப் படிக்க முடியும்? இந்த இடம் போனால் தங்கள் குடும்பத்தில் பாதி போன மாதிரி என்று அவள் நினைத்தாள். அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறான் என்று நம்பினாள்.

நாற்காலியில் ஆள் இருந்தது. சால்வையைத் தலையோடு போர்த்தி, ஜன்னல் பக்கம் திரும்பி, புத்தகத்தின் மேல் குனிந்திருந்தது. ஸ்பிரிட் வாசனை லேசாக வந்தது. மருந்துக்கடை அக்கா போகிற இடமெல்லாம் அந்த வாசனையும் போகும்.

"சீக்கிரமே வந்துட்டேன்க்கா, நீங்க கிளம்புங்க" என்று தையல்காரி கிசுகிசுத்தாள்.

சால்வை அசையவில்லை. மழையில் கேட்டிருக்காது. அவள் அருகில் போய், வரியில் இருந்த விரலை ஒட்டித் தன் விரலை வைத்தாள்.

சில்லென்றிருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளப் போனாள். முறை என்பதால் இழுக்கவில்லை. அந்த விரல் மெதுவாக எழுந்தது. சால்வை எழுந்தது. வாசல் பக்கம் போகாமல், அலமாரிகளுக்கு நடுவே இருந்த இருட்டுக்குள் போனது.

"அக்கா, வாசல் இந்தப் பக்கம்!"

காலடிச் சத்தமே கேட்கவில்லை. பின்பக்கம் குடையை வைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தையல்காரி உட்கார்ந்தாள். நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்த சூடே இல்லை. புத்தகத்தைப் பார்த்தால், நேற்று அவள் விட்ட இடத்திலிருந்து கதை எங்கேயோ போயிருந்தது. மாலுமி ஆளில்லாத தீவில் கரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பின்னால், அலமாரி வரிசைக்குள், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன். சொட்டச் சொட்ட நனைந்து நின்றவன் அவளைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி ஆனான்.

"நீ எப்படி இங்க? இன்னும் உன் நேரம் ஆகலையே?"

"கடையில வேலை இல்ல, வந்துட்டேன். ஏண்ணா, என்ன ஆச்சு?"

அவன் வெளியே ஒரு முறை எட்டிப் பார்த்தான். பிறகு வேகமாக உள்ளே வந்தான்.

"பாப்பா, உன் பொண்ணு ஸ்கூல்ல மயங்கி விழுந்துட்டாளாம். நீ போன் எடுக்கலைன்னு எனக்கு அடிச்சாங்க. ஓடு!"

அவள் பதறி எழுந்தே விட்டாள். ஆனால் விரல் மட்டும் வரியை விட்டு வரவில்லை, பழக்கம் அப்படி. "நீ உக்காருண்ணா. விரல வை."

"இந்த நேரத்துல போய் அதெல்லாம்..."

"வைண்ணா!"

அவன் வைத்தான். ஜெராக்ஸ் மெஷின் மை ஏறி எப்போதும் கறுத்தே கிடக்கும் விரல். ஷட்டரில் நசுங்கி, நகம் நடுவில் பிளந்திருக்கும். அந்த விரல் வரியில் பட்டதும் இவள் ஓடினாள்.

மழையில் செருப்பு அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். வேண்டாத தெய்வமில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் மகள் தோழிகளோடு உட்கார்ந்து, வாய் நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஏன் இப்படி நனைஞ்சுட்டு வந்திருக்க?"

"உனக்கு... ஒண்ணும் இல்லையாடி?"

"எனக்கு என்ன?"

டீச்சரிடம் கேட்டாள். யாரும் யாருக்கும் போன் பண்ணவில்லை. தையல்காரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது நிம்மதிதான். அதற்குப் பின்னால்தான் அந்தக் கேள்வி வந்தது. பிள்ளை பேரில் போய் ஒரு மனுஷன் பொய் சொல்வானா? அதுவும் தாய்மாமன்?

திரும்பும் வழியில் மருந்துக்கடை. அக்கா உள்ளே, ஒரு சொட்டு ஈரம் படாமல், மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்பக்கா திரும்பி வந்தீங்க?"

"நானா? காலையிலயே வந்துட்டேனே. உங்கண்ணன்தான், நீங்க போங்கக்கா, மத்தியானம் வரைக்கும் நானே உக்காந்துக்கறேன்னு அனுப்பி வச்சாரு."

"அப்ப இப்ப நாற்காலியில இருந்தது?"

"அவர்தான் இருப்பாரு. வேற யாரு?"

அண்ணன் வெளியே இருந்து நனைந்து வந்தவன்.

காலையிலிருந்து நாற்காலி காலி.

பின் அவளிடம் முறை மாற்றிக் கொடுத்தது யார்?

நூலக வாசலில் ஒரு ஜீப் நின்றது. நகராட்சி அதிகாரி கையில் சங்கிலியும் பூட்டுமாகத் தாழ்வாரத்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார். தையல்காரியைப் பார்த்ததும் அவளிடமே கொட்டித் தீர்த்தார்.

"உங்கண்ணன் ஆளை ஏமாத்தறதுல மன்னன்மா! இன்னிக்கு ஆள் யாரும் இல்லாம பாத்துக்கறேன், வந்து பூட்டிக்கங்கன்னு அவரே சொல்றாரு. வந்தா ஜன்னல்ல ஒரு பொம்பள உக்காந்து படிக்குது. திரும்பிப் போய் அவரையே அனுப்பினா, இப்ப அவரே உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கறாரு. என்னை என்ன கேணையன்னு நினைச்சாரா?"

அவரே சொன்னாரா? தையல்காரிக்குக் காது அடைத்தது. ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைக்கத்தான் ஆசையாக இருந்தது. உள்ளே போனாள்.

அண்ணன் நாற்காலியில் கூனிக் குறுகி இருந்தான். முகமெல்லாம் வியர்வை. வலது கை புத்தகத்தின் மேல் நீண்டிருந்தது. விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது, மேலேயிருந்து யாரோ அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி.

மேலே ஒன்றுமே இல்லை.

"பாப்பா" என்றான், மூச்சுக்குள்ளேயே. "எடுக்க முடியலடி."

ஸ்பிரிட் வாசனை அவர்கள் இரண்டு பேரையும் சுற்றி நின்றது.

"கடைவளாகத்துல உனக்கு என்ன தர்றேன்னாங்க?" அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையது போலக் கேட்டது.

"முன்பக்கம்... மூலைக்கடை." அவன் கண் அலமாரிப் பக்கமே இருந்தது. "எவ்வளவு நாள்டி அந்தச் சந்துக்குள்ள கிடக்கறது? நம்ம நல்லதுக்குத்தான். உனக்கும் பக்கத்துல ஒரு இடம் கேக்கலாம்னு..."

"நர்ஸம்மா உன்னைப் பாத்து சிரிச்சாங்கன்னு சொன்னியே. அது?"

அவன் விரல் இன்னும் வெளுத்தது. வலியில் பல்லைக் கடித்தான்.

"நான் அன்னிக்கு லேட்டு" என்றான் கடைசியில். "ரொம்ப லேட்டு. கடைவளாகம் கட்டற கான்ட்ராக்டர் வீட்டுல பேசிட்டு இருந்தேன். நெஞ்சு வலிக்குது, சீக்கிரம் வா, நாற்காலிய விட்டுட்டு எந்திரிக்க முடியலன்னு அவங்க போன் பண்ணாங்க. சும்மா சொல்றாங்கன்னு நினைச்சேன். நான் வந்தப்ப அவங்க சில்லுன்னு இருந்தாங்க. விரல் மட்டும் வரியிலயே இருந்துச்சு. நான் விரல வைக்கவே இல்லடி. பயந்துட்டேன்."

அலமாரிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வெறும் ஆத்திரம்தான் வந்தது. ஊரையே ஏமாற்றினான், சரி. செத்துக்கொண்டிருந்த மனுஷிக்குப் பச்சைத் துரோகம் பண்ணிவிட்டு, அவர் பெயரைச் சொல்லியே தலைவனானான். இன்றைக்கு அவள் பிள்ளையை வாயாலேயே மயங்கி விழ வைத்தான். அப்படியே கிடந்து சாகட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் போயிருப்பார்கள்.

"மாத்தி விடு பாப்பா. அண்ணன்டி நான்" என்று அவன் அழுதான்.

தோளில் தூக்கி வளர்த்தவன். அவள் குனிந்து, அந்தக் கறுத்த விரலை ஒட்டித் தன் விரலை வைத்தாள். அவன் கை சட்டென்று விடுபட்டது. நாற்காலியிலிருந்து உருண்டு எழுந்தான்.

"நான் போய் அவங்கள திருப்பி அனுப்பிட்டு இதோ வந்துடறேன். இங்கயே இரு."

"வருவியா?"

"உன் மேல சத்தியமா வருவேன்."

அவன் ஓடினான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாழ்வாரத்தில் அவன் குரல் கேட்டது. மழைக்கு மேலாக, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"உள்ள யாரும் இல்ல சார். பூட்டுங்க."

"உங்க தங்கச்சி உள்ள போனாங்களே?"

"பின்பக்கமா போயிட்டா. சீக்கிரம் பூட்டுங்க சார்!"

கதவு சாத்திக்கொண்டது. சங்கிலி இரும்பில் உரசியது.

"அண்ணா!"

கத்தினாள். ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். விரல் வரியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். புத்தகத்தோடு மேஜைதான் நகர்ந்தது. நர்ஸம்மா இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா? இதே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இதோ வந்துவிடுவான், இதோ வந்துவிடுவான் என்று?

ஸ்பிரிட் வாசனை நெருங்கியது.

சால்வை அவள் தோளை உரசியது.

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். விரலை ஒட்டி இன்னொரு விரல் வந்து அமர்ந்தது. சில்லென்று. ஆனால் அழுத்தவில்லை. நாடி பார்க்கிற மாதிரி, லேசாக, பக்குவமாக இருந்தது.

"நீ போம்மா" என்றது காதோரம் ஒரு குரல். "அவன் முறை முடியல."

அவள் விரல் விடுபட்டது. திரும்பிப் பார்க்காமல் ஓடிப் போய்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

சங்கிலி அவிழ்ந்தது. அதிகாரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "ஐயோ, உள்ளயா இருந்தீங்க? யாரும் இல்லன்னு சத்தியம் பண்ணாரே அந்த மனுஷன்!" சொல்லிக்கொண்டே அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். பூட்டு அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "அந்தம்மா இன்னும் படிச்சுட்டுதானே இருக்காங்க..."

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற அண்ணனும் பார்த்தான். ஜன்னலில் யாரைப் பார்த்தான் என்று அவன் முகமே சொன்னது. தங்கையின் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை. பின்னோக்கியே நடந்து, தெருவுக்குப் போய், வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். அவன் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. எங்கேயும் இறங்கியதைப் பார்த்தவர்கள் இல்லை.

ஆள் இருக்கும்போதே கதவைச் சாத்திய சங்கதி வெளியே தெரிந்தால் இடமே போய்விடும் என்று நகராட்சி வாலைச் சுருட்டிக்கொண்டது. மின்சாரம் திரும்ப வந்தது. ஒழுகிய ஓடுகளையும் மாற்றினார்கள். ஆனாலும் ஊர்க்காரர்கள் முறையை விடவில்லை. இவர்களை எவன் நம்புவது? அண்ணனைப் பற்றிக் கேட்டவர்களிடம் தையல்காரி எதையும் மறைக்கவில்லை. சொல்லும்போதெல்லாம் அவமானத்தில் தலை கவிழ்ந்தது. நன்றாகத் தூங்கி எத்தனையோ நாள் ஆயிற்று. அவன் ‘சத்தியமா வருவேன்’ என்று சொன்னதுதான் மறுபடி மறுபடி காதில் கேட்டது. பூட்டச் சொன்னதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

அந்த நாளுக்குப் பிறகு ஸ்பிரிட் வாசனையை யாரும் உணரவில்லை.

மறுபடி ஒரு மழை நாள். மருந்துக்கடை அக்கா போன் பண்ணினாள். "உனக்கு முன்னாடி முறைக்கு வந்த ஆள் யாருடி? புது ஆளா? சத்தமில்லாம வந்து குனிஞ்சு விரல வச்சாரு, மூஞ்சியக்கூட பாக்கல, நான் கிளம்பிட்டேன். ஐஸ் மாதிரி கை."

தையல்காரி குடைகூட எடுக்காமல் வந்தாள்.

நாற்காலியில் ஆள் இருந்தது. ஆணின் முதுகு. சட்டை தோளோடு ஒட்டிப் போகுமளவுக்கு நனைந்திருந்தது. ஆனால் தரையில் ஒரு ஈரச் சுவடு இல்லை. சூடான காகிதமும் மெஷின் மையும் கலந்த வாசனை அடித்தது. சின்ன வயதிலிருந்து அவள் அறிந்த வாசனை.

அவள் பக்கவாட்டில் போய் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. வரியின் மேல் இருந்த விரலை மட்டும் பார்த்தாள். கறுத்த விரல். நடுவில் பிளந்த நகம்.

"பாப்பா" என்றது மூச்சு. "மாத்தி விடு."

அவள் கை தானாக நீண்டது. புத்தகத்துக்கு அருகில் போய் நின்றது.

பிறகு அவள் கையை மடக்கிக்கொண்டாள். எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள். நூல் கோக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"படிண்ணா" என்றாள். "என் முறைக்கு இன்னும் நேரம் இருக்கு."

ஜன்னலோரம், பக்கம் மெல்லத் திரும்பியது.